ராக்காயியின் மூன்றாம் எலும்பு

1978ஆம் ஆண்டு ஆகஸ்டு 15, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பதுக்கு மரியராஜ் டாக்டரிடம் ஓர் எண்ணைச் சொன்னார். "ஆறு" என்றார். டாக்டர் கென்னத் ஏன், எப்படி என்று கேட்கவில்லை. ராக்காயி என்ற, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளியின் சீட்டில், 'வாளி தூக்கலாம், வியாழன் முதல் வேலைக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்று ஆண்டுகளாக மரியராஜ் சொல்லும் எண்ணை அவர் அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சொன்ன எண் தப்பு.

அது எப்படித் தப்பாயிற்று என்பதற்கு முன், மரியராஜ் யார், அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

மரியராஜ் 1932இல் பாடாங் மேஹா பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பாடாங் செராய்க்கு வெளியே ஐந்து தோட்டங்கள் சேர்ந்து ஓர் ஆஸ்பத்திரி நடத்தின. பதினெட்டு வயதில் அங்கே புண் கழுவிக் கட்டுப்போடும் வேலைக்குச் சேர்ந்தார். 1961இல் ஆஸ்பத்திரிக்கு ஓர் எக்ஸ்ரே இயந்திரம் வந்தது. அதை இயக்க ஆள் வேண்டும் என்று அவரைப் பினாங்குக்கு ஆறு மாதம் அனுப்பிப் படிக்கவைத்தார்கள். திரும்பி வந்த நாளிலிருந்து பெயருக்கு முன்னால் எக்ஸ்ரே ஒட்டிக்கொண்டது. எக்ஸ்ரே மரியராஜ் என்றால் ஐந்து தோட்டத்திலும் தெரியும். முறிந்த கையையும் சளி கட்டிய நெஞ்சையும் படம் பிடித்துக்கொண்டிருந்தவரை முதுகெலும்பின் பக்கம் திருப்பியது மருதம்மாள் என்ற பெண்மணி.

மருதம்மாள் 1972 ஜூனில் முதுகுவலி என்று வந்தார். படத்தில் எலும்புகள் வழக்கத்தைவிடக் கறுத்து விழுந்திருந்தன. சுண்ணாம்புச் சத்து நிறைந்த எலும்பு படத்தில் வெள்ளையாக விழும். சத்துக் கரைந்த எலும்பு கறுக்கும். ஆனால் இருட்டறையில் படம் கழுவும் மருந்து சூடேறினாலும் படம் கறுக்கத்தான் செய்யும். அன்றைக்கு மருந்தின் சூடு இருபத்தொன்பது டிகிரி. கறுப்புக்குக் காரணம் எலும்பா, மருந்தா என்று அப்போதிருந்த டாக்டர் கேட்டார். தெரியாது என்றார் மரியராஜ். மருந்தாகத்தான் இருக்கும் என்று முடிவாயிற்று. ஐந்து மாதம் கழித்து, பால் நிறுக்கும் கொட்டகையில் மருதம்மாள் நிறைந்த வாளியைத் தூக்கினார். தூக்கிய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முதுகில் இரண்டு எலும்புகள் அமுங்கிப்போயிருந்தன. அதற்குப் பிறகு அவர் நிமிர்ந்து நடக்கவில்லை.

தெரியாது என்று ஒரு தடவை சொன்னது போதும் என்று மரியராஜுக்குப் பட்டது. படத்துக்கு உள்ளேயே ஓர் அளவுகோல் இருந்தால், மருந்து சூடேறினால் அதுவும் சேர்ந்து கறுக்கும். எலும்பை அதோடு ஒப்பிட்டுவிடலாம். அலுமினியம் ஏறத்தாழ எலும்பைப் போலவே கதிரைத் தடுக்கும் என்று பினாங்கில் படித்த குறிப்பில் இருந்தது. தோட்டத்தில் அலுமினியத்துக்கா பஞ்சம்? ரப்பர்ப் பாலை உறையவைக்கும் தட்டுகள் எல்லாம் அலுமினியம். ஓட்டை விழுந்த தட்டு ஒன்றை வாங்கி, தொழிற்சாலை பிட்டர் மணியத்திடம் கொண்டுபோனார். ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள இருபத்துநான்கு துண்டுகள். ஒன்றைவிட ஒன்று குறுகலாக, இரண்டிரண்டாக அடுக்கித் தறையவேண்டும். பன்னிரண்டு படி கொண்ட ஒரு குட்டி ஏணி.

"எறும்பு ஏறி விளையாடவாண்ணே?" என்று மணியம் கேட்டார்.

"முதுகெலும்பு ஏற" என்றார் மரியராஜ்.

மணியம் ஒவ்வொரு படியையும் அரம் வைத்துத் தேய்த்து மட்டம் பார்த்துத்தான் கொடுத்தார்.

மரியராஜ் அந்த ஏணியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் வைப்பார். நோயாளியின் இடுப்பு எவ்வளவு தடிப்போ அவ்வளவு உயரத்துக்கு டப்பாவில் தண்ணீர் ஊற்றுவார். தண்ணீர் சதைக்குப் பதில், அலுமினியம் எலும்புக்குப் பதில். முதுகும் ஏணியும் ஒரே படத்தில் பக்கத்துப் பக்கத்தில் விழும். பிறகு கறுப்பு அட்டையில் இரண்டு துளை போட்டு, ஒரு துளையில் எலும்பின் நடுவையும் மறு துளையில் ஏணியையும் பார்ப்பார். எந்தப் படியின் வெளுப்பு எலும்பின் வெளுப்போடு ஒத்துப்போகிறதோ அதுதான் எண். இடுப்பில் ஐந்து எலும்பு; ஐந்தாவது இடுப்புக்கூட்டில் மறைந்துவிடும் என்பதால் முதல் நான்கை மட்டும் பார்ப்பார். பக்கவாட்டில் இன்னொரு படம் எடுத்து, பள்ளிப் பிள்ளைகளின் கவராயத்தால் ஒவ்வோர் எலும்பின் உயரத்தையும் முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடத்தில் அளப்பார். எல்லாம் ஒரு கனத்த அட்டைப் புத்தகத்தில் ஏறும்.

1973இல் டாக்டர் கென்னத் வந்தபோது இந்த ஏணியைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு வருடம் சிரித்தார். அதற்குள் புத்தகத்தில் முதுகுகள் சேர்ந்திருந்தன. முறிந்தவை எவை, முறியாதவை எவை என்பதும் சேர்ந்திருந்தது. மரியராஜ் ஒரு நாள் புத்தகத்தை விரித்துக் காட்டினார். படம் எடுத்த பிறகு முறிந்த முதுகுகள் பதினேழு. அதில் பதினைந்துக்கு எண் மூன்றோ அதற்குக் கீழோ. டாக்டர் அதன்பின் சிரிக்கவில்லை. ஐந்தும் அதற்கு மேலும் என்றால் வாளி தூக்கலாம். மூன்றும் அதற்குக் கீழும் என்றால் கூடாது. நான்கு என்றால் டாக்டர் யோசிப்பார். இதுதான் இருவருக்கும் இடையில் இருந்த கணக்கு. 1978 ஆகஸ்டில் புத்தகத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு முதுகுகள் இருந்தன. ராக்காயியுடையது முந்நூற்றுப் பதின்மூன்றாவது.

ராக்காயிக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டத்தில், பத்தொன்பது ஆண்டுகளாக ஒரே நெரையில், தனக்கென ஒதுக்கிய ஒரே மரவரிசையில், பட்டை கீறி மரம் வெட்டியவர். ஒரு மாதமாக முதுகுவலி. காலையில் மரம் வெட்டுவதில் கஷ்டமில்லை. பத்தரை மணிக்குப் பால் எடுத்து, காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் வாளியைக் கோத்துத் தோளில் ஏற்றும்போதுதான் உயிர் போகிறது என்றார். நிறைந்த வாளி ஒன்று இருபது கிலோவுக்குக் குறையாது.

அன்றைக்கு மாதா விண்ணேற்புத் திருநாள். ஐந்து மணிக்குப் பூசை. சப்பரம் தூக்குபவர்களில் மரியராஜ் ஒருவர்; நோயாளிகளுக்கு உடை மாற்றிவிடும் ஆஸ்பத்திரி உதவியாள் அகத்தா பாட்டுக் குழுவில் இருந்தார். படம் எடுக்க ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ராக்காயி ஒன்பதாவது ஆள். நான்கு எலும்பையும் பார்த்துவிட்டுத்தான் எண்ணைச் சொல்வது என்பது மரியராஜ் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி. அன்றைக்கு மூன்றாம் எலும்பை மட்டும் பார்த்தார். நல்ல வெளுப்பு. ஆறாம் படி. உயரத்தை அளந்தார், அமுங்கல் இல்லை. மீதி எலும்புகளை நாளைக்குப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டு, "ஆறு" என்றார். சப்பரம் சரியான நேரத்துக்குப் புறப்பட்டது.

மறுநாள் புதன், காலை எட்டுப் பத்துக்குப் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தார். முதலாம் எலும்பு மூன்று. இரண்டாவது ஆறு. மூன்றாவது ஆறு. நான்காவது மூன்று. துளை அட்டையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மூன்று, ஆறு, ஆறு, மூன்று.

அப்படி ஒரு முதுகு கிடையாது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் அடுத்தடுத்த எலும்புகளுக்கு இடையே ஒரு படிக்குமேல் வித்தியாசம் வந்தது அமுங்கிய எலும்பில் மட்டும்தான். அமுங்கிய எலும்பு நெருங்கிப்போவதால் வெளுப்பாகத் தெரியும். ஆனால் அமுங்கினால் உயரம் குறையவேண்டும். ராக்காயியின் எலும்புகள் நான்கும் இருபத்தொன்பது மில்லிமீட்டர், ஒன்றும் குறையவில்லை.

பூதக்கண்ணாடியை எடுத்தார். நல்ல எலும்புக்குள் நெடுக்கும் குறுக்குமாக வலைபோல மெல்லிய கோடுகள் ஓடும். வலு குறையும்போது குறுக்குக் கோடுகள் முதலில் கரையும். நெடுக்குக் கோடுகள் மட்டும் மழைக்கம்பிபோலத் தனியாக நிற்கும். முதலாவதிலும் நான்காவதிலும் மழைக்கம்பி பளிச்சென்று தெரிந்தது. நடு இரண்டில் மட்டும் பனி மூடியதுபோல் ஒரு மங்கல். எலும்பில் இல்லாத ஏதோ ஒன்று மேலே மூடியிருக்கிறது.

பக்கவாட்டுப் படத்தை எடுத்து நூறு வாட் பல்பின் முன்னால் பிடித்தார். முதுகின் தோல் ஓரம் எப்போதும் கன்னங்கரேலென்று இருக்கும். அந்த இடத்தை யாரும் பார்ப்பதில்லை. பல்பின் வெளிச்சத்தில் அங்கே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. நூல் அளவு. சரியாக இரண்டாம் எலும்பின் மட்டத்தில் தொடங்கி மூன்றாம் எலும்பின் மட்டத்தில் முடிந்தது.

அகத்தாவைக் கூப்பிட்டார்.

"நேத்து ராக்காயிக்கு உடை மாத்திவிட்டது நீதானே?"

"நான்தான்ணே. ஏன், ஊக்கு விழுந்திருக்கா? எல்லாத்தையும் கழட்டிட்டேனே."

"ஊக்கு இல்ல. முதுகுல என்ன இருந்துச்சு?"

அகத்தா கையிலிருந்த துணியை மடித்தார். மடித்ததை மறுபடி பிரித்தார். "கோயோ" என்றார்.

"சொல்லவே இல்லையே."

"சீனக்கடைக் கோயோண்ணே. ரெண்டு வெரல் அகலத்துக்கு நறுக்கி, நடு முதுகுல நீட்டமா ஒட்டியிருந்தாங்க. மூணு நாளைக்குப் பிய்க்கக்கூடாதுன்னு கடைக்காரத் தவுக்கே சொன்னாராம். டாக்டர் பாத்தா ஏசுவாருன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. துணிதானே, படத்துல விழாதுன்னு விட்டுட்டேன். நீங்கதானே போர்டு எழுதி மாட்டியிருக்கீங்க."

மாட்டியிருந்தது உண்மை. 'தாலி, தாயத்து, ஊக்கு, கொண்டை ஊசி, அரைஞாண் கழற்றவும். துணி இருக்கலாம்.' அவருடைய கையெழுத்துதான். கோயோ ஒட்டுவதை டாக்டர் ஏசுவார் என்பதும் உண்மை. தோல் வெந்துபோய் வந்தவர்களைப் பார்த்து, கண்டதையெல்லாம் ஒட்டிக்கொண்டு வராதீர்கள் என்று எத்தனையோ தடவை சத்தம் போட்டிருக்கிறார். அதனால் ஒட்டுவது நிற்கவில்லை, சொல்வது நின்றுவிட்டது.

"துணி விழாது அகத்தா. துணியில தடவியிருக்கிறது விழும்போல இருக்கு."

மரியராஜ் மோட்டார் சைக்கிளில் பாடாங் செராய்க் கடைத்தெருவுக்குப் போய், சீனர் மருந்துக்கடையில் ஒரு கோயோ வாங்கிவந்தார். சிவப்புத் துணியில் கருந்தாராய் அப்பிய மருந்து. விளக்கில் காட்டி இளக்கினார். ஓரம் உருகிப் பரவியது. விளிம்பு ஏன் படத்தில் கோடாகத் தெரியவில்லை என்பது அப்போதே விளங்கிவிட்டது. ஏணியோடு சேர்த்துத் தண்ணீருக்கு அடியில் வைத்துப் படம் எடுத்துக் கழுவினார். கோயோவின் வெளுப்பு மூன்றாம் படியோடு ஒத்துப்போயிற்று. அந்த மருந்தில் ஈயம் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள் என்பதைப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டார். அன்றைக்குத் தெரிந்தது, ஆறில் மூன்று கோயோவுடையது என்பது மட்டும்.

அப்போது மணி பன்னிரண்டரை. வியாழன் காலை ராக்காயி வாளி தூக்கவேண்டும். டாக்டர் செவ்வாயும் சனியும்தான் வருவார். இடையில் வியாழன், வெள்ளி என்று இரண்டு காலை. டாக்டர் இல்லாத நாளில் ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் பெரிய டிரஸ்ஸரிடம் சொல்லிவிட்டு, படங்களை அட்டை வைத்துக் கட்டி, சுங்கைப் பட்டாணிக்குப் புறப்பட்டார். முக்கால் மணி நேரம். டாக்டர் கென்னத்தின் கிளினிக்கில் கூட்டம் குறைந்து, அவர் பசியாறி முடித்த நேரம்.

"என்ன மரியராஜ், புதன்கிழமையில இங்க? யாருக்கு உடம்பு சரியில்ல?"

"நேத்து நான் சொன்ன நம்பருக்கு, டாக்டர்."

படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நான்கு எண்களையும் சொன்னார். மூன்றாம் எலும்பை மட்டும் பார்த்துவிட்டுச் சொன்னேன் என்பதையும் மறைக்கவில்லை. டாக்டர் தோல் ஓரத்து வெள்ளைக் கோட்டின்மேல் விரலை ஓட்டினார்.

"சரி, நேத்துச் சொன்னது தப்புங்கிறீங்க. இன்னிக்கு மூணுங்கிறது மட்டும் சரின்னு எப்படி நம்புறது? அந்தம்மா ஒட்டினது நீங்க வாங்கின அதே கோயோதானா?"

"தெரியாது. அதனாலதான் மூணுன்னு எழுதுங்கன்னு கேக்கல. ஆறை அடிச்சிருங்கன்னு கேக்கிறேன். முதலாவதுலயும் நாலாவதுலயும் கோயோ இல்ல, ரெண்டும் மூணு. மறுபடம் எடுக்கிறவரைக்கும் வாளி தூக்கக்கூடாதுன்னு ஒரு சீட்டு வேணும்."

டாக்டர் சீட்டு எழுதினார். எழுதிக்கொண்டே, "மத்த முந்நூத்துச் சொச்சம் படம்?" என்றார்.

"பாப்பேன். ஒண்ணு விடாம."

மூன்றேகாலுக்குத் தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி தர்மலிங்கத்திடம் சீட்டைக் கொடுத்தார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நேத்துச் சீட்டு தூக்கலாம்ங்குது, இன்னிக்குச் சீட்டு தூக்காதேங்குது. நீங்களே ஒரு முடிவுக்கு வாங்க லா. சரி, நாளைக்கு அவங்க நெரைக்கு வேற ஆளு போடுறேன். ரெண்டு வாரம் மூணு வாரம் இழுத்துச்சுன்னா அந்த ஆளுக்கே நெரைய எழுதிடுவாங்க. அதையும் அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க."

லயத்துக் குழாயடியில் ராக்காயி துணி அலசிக்கொண்டிருந்தார். மரியராஜ் சொல்லி முடிக்கும்வரை பிழிந்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"நேத்து ஆறு, இன்னிக்கு மூணா? என் முதுகு என்ன பசார் மீனா தம்பி, பொழுதுக்குப் பொழுது வெல எறங்க?"

பக்கத்தில் வாளியோடு நின்ற அழகம்மா சிரித்துவிட்டார். ராக்காயியின் நெரைக்கு அடுத்த நெரை அவருடையது.

"பத்தொம்பது வருஷமா அது என் நெரை. எந்த மரத்துல பட்டை கெட்டி, எது மழைக்கு முந்தியே பால் சொட்டும்னு கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன். அதை எவனுக்கோ கொடுத்துட்டு என்னைப் புல்லு வெட்டப் போகச் சொல்றீங்களா?"

"கோயோவ எடுத்தாச்சாக்கா?"

ராக்காயி துணியை வாளிக்குள் போட்டார். "அகத்தா சொல்லிட்டாளா?"

"படம் சொல்லிடுச்சு."

அழகம்மா சிரிப்பை நிறுத்தினார்.

"நாளைக்குக் காலையில வாங்கக்கா. கோயோ இல்லாம ஒரு படம். மறுபடி ஆறு வந்தா, கிராணி முன்னாடி இந்தச் சீட்டை நானே கிழிச்சுப் போடுறேன்."

"மூணு வந்தா?"

"வாளி தூக்கக்கூடாது. மரம் வெட்டக்கூடாதுன்னு எந்தப் படமும் என்கிட்டச் சொல்லல. வெட்டத்தான் நீங்க கஷ்டப்படலியே. தூக்கும்போதுதானே உயிர் போவுதுன்னீங்க."

"வெட்டுறவதான் தூக்கணும். தோட்டத்துல எங்க இருக்கு ரெண்டையும் பிரிச்சு?"

"இப்ப இல்ல" என்றார் மரியராஜ். அந்தக் கேள்வியை மனதில் குறித்துக்கொண்டார்.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு ராக்காயி வந்தார். கோயோவைப் பிய்த்த இடத்தில் ஒட்டியிருந்த கறுப்பை அகத்தா மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, மரியராஜ் கேட்பதற்கு முன்பே, "ஒரு பொட்டு இல்லண்ணே, ரெண்டு தடவை பாத்துட்டேன்" என்றார். படம் ஈரம் காய்வதற்குள் துளை அட்டையை வைத்தார் மரியராஜ். முதலாவது மூன்று. இரண்டாவது மூன்று. மூன்றாவது மூன்று. நான்காவது மூன்று. கணக்கு ஒத்துப்போனதில் ஒரு கணம் அவருக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த கணம் அது யாருடைய முதுகு என்பது நினைவுக்கு வந்தது.

இரண்டு படத்தையும் விளக்குப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டி, ராக்காயியை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்.

"இது செவ்வாய்க்கிழம. இங்க வெள்ளையா தெரியுது பாருங்க, அது கோயோ. இது இன்னிக்கு. கோடு கோடா நிக்குதே, அதுதான் உங்க எலும்பு. லயத்துக் கூரைய வச்சுக்குங்க. நிக்கிற கால் இருக்கு, குறுக்குச் சட்டம் கழண்டுபோச்சு. சும்மா நின்னா நிக்கும். மேல பாரம் ஏத்தினா நிக்காது."

ராக்காயி படத்துக்கு வெகு அருகில் போய்ப் பார்த்தார். "மருதம்மாளுக்கு எத்தனை படி?"

மருதம்மாளும் ராக்காயியும் ஒரே லயம். மரியராஜ் அதை மறந்தே போயிருந்தார்.

"மருதம்மாளை அளக்க அப்ப என்கிட்ட ஏணி இல்லக்கா."

ராக்காயி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "சரி. வாளி தூக்கல. ஆனா நெரைய விடமாட்டேன். அதுக்கு நீங்கதான் வழி சொல்லணும். நம்பர் சொன்னது நீங்கதானே."

சனிக்கிழமை மரியராஜ் டாக்டரிடம் இரண்டு படத்தையும் கொடுத்துவிட்டு, என்ன எழுதவேண்டும் என்பதையும் சொன்னார். டாக்டர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அப்படியே எழுதினார். 'மரம் வெட்டலாம். வாளி தூக்கக் கூடாது.' அப்படி ஒரு சீட்டு அந்த ஆஸ்பத்திரியிலிருந்து அதுவரை போனதில்லை. அதை மரியராஜ் கையோடு கொண்டுபோனார். புத்தகத்தையும் எடுத்துக்கொண்டார்.

"இப்படி ஒரு வேலையே தோட்டத்துல கெடையாதுண்ணே" என்றார் தர்மலிங்கம். "வெட்டலாம் தூக்கக்கூடாதுன்னா, பாலு தானா நடந்து ஸ்டோருக்கு வருமா?"

"இது டாக்டர் என் நம்பரைக் கேக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி முறிஞ்ச பதினேழு பேரு" என்று மரியராஜ் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "பதினஞ்சு பேருக்கு மூணுக்கு மேல இல்ல. இவங்களுக்கும் மூணு. மரத்தடியில யாரும் முறியல. பன்னெண்டு பேரு வாளி தூக்கும்போது முறிஞ்சாங்க. மத்தவங்க வழுக்கி விழுந்தாங்க. ஆபத்து கத்தியில இல்ல தர்மலிங்கம், கம்புல."

தர்மலிங்கம் பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். ஏழு பேர் அவர் கண்ணெதிரே பெரட்டில், விடியற்காலை ஆள் கணக்கெடுப்பில், நின்றவர்கள். "யாரு தூக்குறது?" என்றார், குரல் சற்று இறங்கி.

"நான் தூக்குறேன்" என்றார் அழகம்மா. அவர் ஆபீஸ் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அக்கா என் நெரையிலயும் பால் புடிக்கிற மங்கைத் துடைச்சு, காஞ்சுபோன ஒட்டுப்பாலை உரிச்சுடட்டும். எனக்கு அதுல உக்காந்து நோண்டத்தான் சலிப்பு. வாளி எனக்கு ஒண்ணுமில்ல. என் முதுகையும் வேணும்னா ஏணியில ஏத்திப் பாருங்க."

அழகம்மாவின் முதுகை அடுத்த செவ்வாய் ஏற்றிப் பார்த்தார்கள். ஏழு. நான்கு எலும்பும் பார்த்துவிட்டுத்தான் மரியராஜ் சொன்னார். தோட்டத்து மேனேஜர் ஒரு மாதத்துக்குப் பரீட்சையாக அனுமதித்தார். ஒரு மாதம் முடிந்தபோது இரண்டு நெரையிலிருந்தும் வந்த பால் முன்பைவிடக் குறையவில்லை. அதன்பிறகு அந்த அனுமதியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மரியராஜுக்கு மீதி வேலை இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கவாட்டுப் படங்களையும் நூறு வாட் பல்பின் முன்னால் பிடித்து, தோல் ஓரத்தைப் பார்த்தார். ஏழு வாரம் ஆயிற்று. நான்கு படங்களில் வெள்ளைக் கோடு இருந்தது, நான்கு எலும்பையும் ஒருசேர மூடும் நீளத்துக்கு; அதனால்தான் எண்களில் அது முன்பே தெரியவில்லை. நான்கு பேரையும் வரவழைத்து மறுபடி எடுத்தார். இரண்டு பேருக்கு எண் மாறவில்லை. ஒருவருக்கு ஐந்து நான்காயிற்று. ஒருவருக்கு ஆறு மூன்றாயிற்று. எண் மூன்றான அந்த ஒருவருக்கும் 'வெட்டலாம், தூக்கக் கூடாது' சீட்டு போயிற்று. இந்தத் தடவை கிராணி எதுவும் கேட்கவில்லை. புத்தகத்தில் தப்பான எண்களைச் சுரண்டி அழிக்கவில்லை. சிவப்பு மையில் ஒரே கோடு, பழைய எண் படிக்கத் தெரியும்படி. பக்கத்தில் புது எண், தேதி, காரணம். ராக்காயியின் பெயருக்கு நேரே காரணம் என்ற இடத்தில் 'கோயோ. மூன்றாம் எலும்பு மட்டும் பார்த்தேன்' என்று எழுதினார். கோயோ இருந்தால் சொன்னால் போதும், ஏசமாட்டேன் என்று டாக்டரையும் சொல்லவைத்தார். டாக்டர் அதை நோயாளிகளுக்கு முன்னால், கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் சொன்னார். அடுத்த ஆறு மாதத்தில் பத்தொன்பது பேர் தாங்களாகவே முதுகைத் திருப்பிக் காட்டினார்கள்.

ராக்காயி வருடத்துக்கு ஒரு தடவை வந்தார். 1979, 80, 81 என்று ஒன்று தவறவில்லை. வாளி பக்கமே போகவில்லை என்று அவர் சொன்னதை மரியராஜ் நம்பினாலும், எலும்பின் உயரத்தை அளந்து பார்த்த பிறகுதான் நம்பினார். ஐம்பத்தைந்து வயதாகி வேலையிலிருந்து ஓய்வுபெறுவதற்கு முந்தைய வாரம், 1984 ஜூனில் கடைசியாக வந்தார். பத்தொன்பதாக இருந்த நெரைக் கணக்கு இருபத்தைந்து ஆண்டாகியிருந்தது. நேராகத்தான் நடந்து வந்தார். படம் எடுத்து, கழுவி, காயவைத்து, கவராயத்தால் பன்னிரண்டு இடத்திலும் அளந்தார் மரியராஜ். இருபத்தொன்பது, இருபத்தொன்பது, இருபத்தொன்பது. மூன்றாம் எலும்பின் நடுவில் மட்டும் இருபத்தெட்டரை.

"எத்தனை தம்பி?"

"மூணு."

"இன்னும் மூணுதானா? ஆறு வருஷமா ஒரு படிகூட ஏறலியா?"

"இது ஏறாதுக்கா. இறங்காம இருந்துச்சே."

ராக்காயி தன் படத்தை விளக்குப் பெட்டியில் ஒருமுறை பார்த்தார். "நெரைய அழகம்மா மகளுக்கு எழுதியிருக்காங்க" என்றார். "அவளையும் ஒரு தடவ வரச்சொல்லியிருக்கேன்." சொல்லிவிட்டு, பஸ்சுக்கு நேரமாகிறது என்று வெளியே நடந்தார்.